மயில்கழுத்துப் பட்டைத் திரையில் அசைத்தல்: சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் காட்சி விளைவுகளுக்கு ஓர் அறிமுகம்

ஆரணிப் பட்டில் மயில்கழுத்து நிறம் என்று கடைக்காரர் விரித்துக் காட்டும் புடவை ஒரே நிற நூலால் நெய்யப்பட்டதன்று. பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறத்திலும் ஊடை (குறுக்கு நூல்) வேறொரு நிறத்திலும் இருப்பதால், துணியைச் சற்றே சாய்க்கும்போது நீலமாக இருந்த இடம் பச்சையாகவும் பச்சையாக இருந்த இடம் நீலமாகவும் தெரிகிறது. கடைக்கு நேரில் வருபவர் அதை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விலையைக் கேட்பார். அதே புடவையை இணையதளத்தில் ஒற்றை நிழற்படமாக வைத்தால் இரண்டாவது நிறம் காணாமற்போகிறது. வேலூரில் ஆரணிப் பட்டு விற்கும் கடை ஒன்றுக்கு வலைப்பக்கம் அமைப்பதாக வைத்துக்கொண்டு, பார்ப்பவரின் கையசைவுக்கு ஏற்ப மாறும் காட்சி விளைவுகள் எவ்வாறு உருவாகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. (ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்தாலும், 1989இல் வட ஆர்க்காடு பிரிக்கப்படும் வரை வேலூரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தில்தான் இருந்தது, எனவே அந்தப் பட்டை வேலூர்க்காரர்கள் தங்கள் ஊர்ச் சரக்காகக் கருதுவதில் வியப்பில்லை.) எச்டிஎம்எல் ஓரளவு எழுதத் தெரிந்திருந்தால் போதும்.

ஒரு வலைப்பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்பதை எச்டிஎம்எல் சொல்கிறது. அவை எப்படித் தோன்ற வேண்டும் என்பதைச் சிஎஸ்எஸ் சொல்கிறது. பயனர் தொட்டார், நகர்த்தினார், தட்டச்சு செய்தார் என்பதைக் கவனித்து அதற்கேற்பச் செயல்படுவது ஜாவாஸ்கிரிப்ட். அசைவு என்றாலே ஜாவாஸ்கிரிப்ட்தான் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1996 டிசம்பரில் வெளியான முதல் சிஎஸ்எஸ் தரத்தில் அசைவுக்கான வசதி எதுவும் இல்லை. ஆகவே, 1995இல் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டு, சில மில்லிவினாடிகளுக்கு ஒருமுறை ஓர் எண்ணை மாற்றி மாற்றி எழுதி, பொருள் நகர்வதைப் போன்ற தோற்றத்தை உண்டாக்கினார்கள். 2006இல் வந்த ஜேகுவெரி என்ற ஆயத்த ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு அந்த வேலையை எளிதாக்கியது. இன்னும் பகட்டான விளைவு வேண்டியவர்கள் உலாவியோடு சேர்த்து நிறுவும் ஃபிளாஷ் என்ற தனி மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. இன்றைய சிஎஸ்எஸ்ஸுக்குத் தானாகவே அசைக்கத் தெரியும். எனவே புதிதாகத் தொடங்குபவர் வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டிய முறை இது: எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் சொல்லட்டும், அந்த நிலைக்கு எப்படி நகர்ந்து போவது என்பதைச் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளட்டும். கீழே வருபவை எல்லாம் இந்த ஒரு பிரிவினையின் விளைவுகளே.

ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட இல்லாத விளைவிலிருந்து தொடங்கலாம். புடவைகள் அட்டை அட்டையாக வரிசையில் இருக்கின்றன. சுட்டியை ஓர் அட்டையின்மேல் கொண்டுசென்றால் அது சற்றே மேலெழ வேண்டும். சிஎஸ்எஸ்ஸில் ஹோவர் என்ற நிலைக்கு ஒரு விதி எழுதி, அதில் டிரான்ஸ்ஃபார்ம் என்ற பண்பின் வழியாக அட்டையை 6 பிக்சல் மேலே நகர்த்தச் சொல்லலாம். அவ்வளவோடு விட்டால் அட்டை துள்ளிக் குதிக்கும். நிதானமாக எழ வேண்டுமானால் டிரான்சிஷன் என்ற பண்பையும் சேர்க்க வேண்டும். எந்தப் பண்பு மாறும்போது, எத்தனை நேரத்தில், எந்த வேகப் போக்கில், எவ்வளவு தாமதித்து மாற வேண்டும் என்ற நான்கு செய்திகளை அது ஏற்கும். டிரான்சிஷனை ஹோவர் விதிக்குள் மட்டும் எழுதினால் அட்டை எழும்போது நிதானமாக எழுந்து, சுட்டி விலகியதும் பொத்தென்று விழும். ஏனெனில் விலகிய நொடியில் அந்த விதியே செல்லாததாகிவிடுகிறது. அட்டையின் இயல்பான விதியில் எழுதினால் இரு திசைக்கும் பொருந்தும்.

இதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சுட்டி அட்டையின் கீழ் விளிம்பில் நிற்கும்போது அட்டை மேலெழுந்தால், சுட்டி அட்டைக்கு வெளியே போய்விடும், உடனே அட்டை கீழிறங்கும், இறங்கியதும் மறுபடி சுட்டியின்கீழ் வரும், மறுபடி எழும். இந்த நடுக்கத்தைப் பல பெரிய விற்பனைத் தளங்களிலேயே காணலாம். அசையாத ஒரு வெளி உறுப்புக்கு ஹோவரை வைத்து, அதனுள் இருக்கும் அட்டையை மட்டும் அசைத்தால் நடுக்கம் நின்றுவிடும்.

கால அளவைப் பொறுத்தவரை, கைக்கு உடனே பதில் சொல்ல வேண்டிய சிறு அசைவுகளுக்கு 150 முதல் 300 மில்லிவினாடி வரை வைப்பதே நல்லது. அரை வினாடியைத் தாண்டினால் அழகு குறைந்து, பக்கம் மெத்தனமாக இருக்கிறது என்ற எண்ணமே மிஞ்சும். வேகப் போக்குக்கு உலாவியில் ஆயத்தமாக உள்ள பெயர்களில், விரைவாகத் தொடங்கி மெதுவாக முடியும் ஈஸ்-அவுட் என்பதை முதலில் பழகிக்கொள்ளலாம். தொட்டவுடன் அசைவு தொடங்குவது கண்ணுக்குத் தெரிவதால், பக்கம் தன்னைக் கவனித்ததாகப் பயனர் உணர்கிறார்.

அட்டையை ஏன் டிரான்ஸ்ஃபார்ம் கொண்டு நகர்த்த வேண்டும், டாப் அல்லது மார்ஜின் எண்ணை மாற்றினால் ஆகாதா என்ற கேள்வி எழும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், உலாவிக்கு ஒன்றல்ல. பெரும்பாலான திரைகள் வினாடிக்கு 60 முறை தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன; அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (ஒரு புதுப்பிப்பில் காட்டப்படும் படத்துக்கும்) ஏறத்தாழ 16.7 மில்லிவினாடிதான் அவகாசம். 120 முறை புதுப்பிக்கும் கைப்பேசிகளில் அது 8.3 ஆகக் குறைகிறது. அந்த அவகாசத்துக்குள் உலாவி எந்தெந்த விதிகள் எந்த உறுப்புக்குப் பொருந்தும் என்று கணக்கிட வேண்டும். ஒவ்வொரு உறுப்பும் எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அளக்க வேண்டும். பிறகு நிறம், எழுத்து, நிழல் ஆகியவற்றைத் தீட்ட வேண்டும். கடைசியாகத் தீட்டிய அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். நேரத்துக்குள் முடியாத ஃபிரேம், ஆரணிப் பேருந்தைத் தவறவிட்டவர் அடுத்த பேருந்து வரும் வரை நிலையத்தில் நிற்பதைப் போல, அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்கும். அதைத்தான் நாம் திக்கல் என்கிறோம்.

டாப், விட்த், மார்ஜின் போன்ற பண்புகளை மாற்றினால் அளக்கும் கட்டத்திலிருந்து வேலை மறுபடி தொடங்கும். ஓர் அட்டை பெரிதானால் பக்கத்து அட்டைகளையும் நகர்த்த வேண்டியிருக்கலாம் அல்லவா? பின்னணி நிறத்தையோ நிழலையோ மாற்றினால் அளப்பது தேவையில்லை; தீட்டுவது தேவைப்படும். டிரான்ஸ்ஃபார்ம், ஒளிபுகாத் தன்மையைக் குறிக்கும் ஒபாசிட்டி ஆகிய இரண்டையும் மாற்றும்போது மட்டும், ஏற்கெனவே தீட்டி வைத்த அடுக்கை இடம் மாற்றியோ மங்கலாக்கியோ வைத்தால் போதும். அந்தக் கடைசிக் கட்டத்தைப் பெரும்பாலும் வரைகலைச் செயலி கவனித்துக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் வேறு வேலையில் மும்முரமாக இருந்தாலும் சிஎஸ்எஸ் கொண்டு அமைத்த இத்தகைய அசைவு திக்காமல் ஓடுவதற்குக் காரணம் இதுவே. அட்டை எழும்போது அதன் நிழலும் பெரிதாக வேண்டும் என்று விரும்பினால், நிழலை மாற்றிக்கொண்டே இராமல், பெரிய நிழலை அட்டையின் பின்னால் ஒரு போலி உறுப்பில் (எச்டிஎம்எல்லில் எழுதாமல் சிஎஸ்எஸ்ஸே உண்டாக்கும் உறுப்பில்) முன்கூட்டியே வைத்து, அதன் ஒபாசிட்டியை 0இலிருந்து 1க்குக் கொண்டுபோவது கைதேர்ந்தவர்களின் வழி.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடுக்குகளைத் தனியாக வைத்துக்கொள்ளும்படி உலாவிக்கு முன்கூட்டிச் சொல்லும் வில்-சேஞ்ச் என்ற பண்பைக் கண்டதும், எல்லா அட்டைக்கும் அதைப் போட்டுவிடும் ஆசை தொடக்கத்தில் வரும். ஓர் அடுக்குக்கு அகலம், உயரம், பிக்சலுக்கு 4 பைட் என்ற கணக்கில் நினைவகம் தேவை. அகலம் 400, உயரம் 600 என்ற அட்டை, பிக்சல் அடர்த்தி மூன்று மடங்காக உள்ள கைப்பேசியில் 1200க்கு 1800 பிக்சலாகி, 86 லட்சம் பைட்டுக்கு மேல் விழுங்கும். 40 புடவை என்றால் ஏறத்தாழ 345 மெகாபைட். விலை குறைந்த கைப்பேசி அதைத் தாங்காது. மே மாத வேலூர் வெயிலில் ஏற்கெனவே சூடேறிய கைப்பேசியாக இருந்தால் அது தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும்.

இனி மயில்கழுத்துக்கு வருவோம். விரலை இடமிருந்து வலமாக நகர்த்தினால் நீலம் மெல்லப் பச்சையாக மாற வேண்டும். நிற வட்டத்தைச் சுழற்றும் ஃபில்டரைப் போட்டு இதைச் செய்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அது சரிகையையும் சேர்த்து நிறம் மாற்றிவிடும். சரிகையின் நிறமே மாறித் தெரியும் புடவைப் படத்தை எந்த நெசவாளரும் தம் புடவை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். படக்கருவியையும் புடவையையும் அசைக்காமல், விளக்கை மட்டும் இடம் மாற்றி இரண்டு படங்கள் எடுத்துக்கொள்வது இதைவிட எளிது, நேர்மையானதும்கூட. ஒன்றில் பாவின் நிறம் ஓங்கியிருக்கும். மற்றொன்றில் ஊடையின் நிறம் ஓங்கியிருக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் படத்தின் ஒபாசிட்டியை விரலின் இடத்துக்கு ஏற்ப 0க்கும் 1க்கும் இடையில் மாற்றினால் வேலை முடிந்தது. உலாவிக்கு வேலை குறைவாக வைக்கும் பண்புகள் என்று மேலே பார்த்த இரண்டில் ஒன்றுதான் ஒபாசிட்டி.

விரல் அல்லது சுட்டி நகரும் ஒவ்வொரு முறையும் பாயின்டர்மூவ் என்ற நிகழ்வை உலாவி அறிவிக்கிறது. மவுஸ், விரல், எழுதுகோல் மூன்றுக்கும் இது பொது என்பதால், மவுஸ்மூவ் என்ற பழைய நிகழ்வைத் தேடிப் போக வேண்டியதில்லை. நிகழ்வோடு கிளையன்ட்எக்ஸ் என்ற எண் வருகிறது. திரையில் தெரியும் பகுதியின் இடது விளிம்பிலிருந்து விரல் எத்தனை பிக்சல் தள்ளி இருக்கிறது என்பதே அது. படம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு அகலம் என்பதை கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட் என்ற செயல்கூறு சொல்லும். விரலின் எண்ணிலிருந்து படத்தின் தொடக்கத்தைக் கழித்து, அகலத்தால் வகுத்தால் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட பின்னம் கிடைக்கும். படம் 40ஆம் பிக்சலில் தொடங்கி 320 பிக்சல் அகலம் இருக்க, விரல் 200இல் இருந்தால், 160ஐ 320ஆல் வகுக்க 0.5, அதாவது நீலமும் பச்சையும் பாதிப்பாதி.

இந்தப் பின்னத்தை ஜாவாஸ்கிரிப்ட் எங்கே எழுதி வைப்பது? நேராக ஒபாசிட்டியிலேயே எழுதலாம். ஆனால் சிஎஸ்எஸ் மாறி ஒன்றில், அதாவது ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்துக்கொள்ளும் இடத்தில், எழுதுவதே நம் பிரிவினைக்குப் பொருந்தும். இரண்டு சிறு கோடுகளில் தொடங்கும் எந்தப் பெயரும் சிஎஸ்எஸ்ஸில் மாறியாகும். '--சாயல்' என்று தமிழிலேயே எழுதினாலும் உலாவி ஏற்றுக்கொள்ளும். கிளாஸ் பெயர்களுக்கும் இது பொருந்தும் என்பதால், கற்றுக்கொள்ளும் காலத்தில் 'முந்தி', 'கரை', 'விரிந்தது' என்றெல்லாம் பெயர் வைத்துக்கொள்வதில் தவறில்லை. பலர் சேர்ந்து எழுதும் திட்டத்தில் மற்றவர்களின் வசதியைப் பார்க்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் செட்பிராப்பர்ட்டி என்ற செயல்கூறின் மூலம் '--சாயல்' மதிப்பை 0.5 என்று மாற்றுகிறது. அந்த மதிப்பை மேல் படத்தின் ஒபாசிட்டியாக எடுத்துக்கொள்ளச் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறோம். நாளை வடிவமைப்பாளர் ஒருவர், நிறம் மாறுவதோடு புடவை இரண்டு பாகை சாயவும் வேண்டும் என்றால், ஜாவாஸ்கிரிப்டைத் தொடாமலே அதே மாறியைக் கொண்டு டிரான்ஸ்ஃபார்மையும் கணக்கிட்டுவிடலாம். மாறியைப் பக்கம் முழுவதற்கும் பொதுவான வேர் உறுப்பில் வைக்காமல் அந்தப் புடவையின் உறுப்பிலேயே வைக்க வேண்டும். மாறிகள் உள்ளே இருக்கும் எல்லா உறுப்புகளுக்கும் இறங்குவதால், வேரில் மாற்றினால் பக்கம் முழுவதன் விதிகளையும் உலாவி மறுபடி கணக்கிட நேரும்.

அளப்பதையும் எழுதுவதையும் மாற்றி மாற்றிச் செய்வது தொடக்கநிலையினர் அறியாமலே விழும் குழி. பக்கத்தின் அமைப்பைப் பாதிக்கும் ஏதோ ஒன்றை மாற்றிய கையோடு, ஓர் உறுப்பின் அளவைக் கேட்டால், சரியான விடையைத் தருவதற்காக உலாவி அப்போதே பக்கத்தை மறுபடி அளந்தாக வேண்டும். பத்துப் புடவைகளுக்கு ஒரு சுழற்சியில் அளவு கேட்பது, மாற்றுவது, அளவு கேட்பது, மாற்றுவது என்று எழுதினால் ஒரே ஃபிரேமில் பத்து முறை அந்த வேலை நடக்கும். விரல் படத்துக்குள் நுழையும்போது ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டு, பக்கம் நகர்ந்தால் மட்டும் மறுபடி அளப்பது போதும்.

இப்போது நிறம் விரலோடு மாறுகிறது. ஆனால் விரல் சட்டென்று நகர்ந்தால் நிறமும் சட்டென்று தாவுகிறது. பட்டின் தன்மை அதுவன்று. மேல் படத்தின் ஒபாசிட்டிக்கு 150 மில்லிவினாடி டிரான்சிஷன் ஒன்றைக் கொடுத்தால் பெரும்பாலும் போதும்; பாதி வழியில் இலக்கு மாறினால், எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே புதிய இலக்கை நோக்கித் திரும்பும் அறிவு டிரான்சிஷனுக்கு உண்டு. இன்னும் நுட்பமாக வேண்டுமானால் ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் என்ற செயல்கூறை நாட வேண்டும். அடுத்த ஃபிரேமைத் தீட்டுவதற்குச் சற்று முன் என்னைக் கூப்பிடு என்று உலாவியிடம் சொல்லி வைப்பதுதான் அது. ஒவ்வொரு கூப்பிடுதலிலும், இப்போதைய மதிப்புக்கும் இலக்குக்கும் உள்ள இடைவெளியில் பத்தில் ஒரு பங்கை மட்டும் கடக்க வேண்டும். 0இலிருந்து 100க்குப் போவதானால் முதல் ஃபிரேமில் 10, அடுத்து 19, அடுத்து 27.1 என்று வேகமாகத் தொடங்கி, நெருங்க நெருங்க நிதானமாகும்.

இந்தச் சூத்திரம் இணையத்தில் எங்கும் கிடைக்கிறது. அதிலுள்ள இரண்டு குறைகளைத்தான் பலர் சொல்வதில்லை. முதலாவது, அது இலக்கை முழுதாக எட்டாமல் நெருங்கிக்கொண்டே இருக்கும். எனவே இடைவெளி 0.001க்குக் கீழே இறங்கியதும் இலக்கையே மதிப்பாக எழுதிவிட்டுச் சுழற்சியை நிறுத்த வேண்டும், இல்லையேல் யாரும் தொடாத பக்கம் மின்கலத்தைத் தின்றுகொண்டிருக்கும். இரண்டாவது, பாதி தூரத்தைக் கடக்க இதற்கு ஏறத்தாழ 7 ஃபிரேம் தேவை. 60 முறை புதுப்பிக்கும் திரையில் அது 0.11 வினாடி, 120 முறை புதுப்பிக்கும் திரையிலோ அதில் பாதி. ஒரே புடவை ஒரு கைப்பேசியில் நிதானமாகவும் இன்னொன்றில் படபடப்பாகவும் நிறம் மாறும். ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் தருகிறது. சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் இடையே கழிந்த மில்லிவினாடிகளை 16.7ஆல் வகுத்து, 0.9இன் அடுக்குக்குறியாக (பவர்) அந்த எண்ணை வைத்து, வரும் விடையை 1இலிருந்து கழித்தால், அந்த ஃபிரேமில் கடக்க வேண்டிய பங்கு கிடைக்கும். எல்லாத் திரையிலும் வேகம் ஒன்றாகிவிடும்.

பக்கத்தைக் கீழே நகர்த்தும்போது புடவைகள் ஒவ்வொன்றாகத் தோன்றும் விளைவு எல்லோரும் கேட்பது. ஆனால் சுருக்கமாக முடித்துவிடக்கூடியது. பக்கம் நகரும் ஒவ்வொரு கணமும் கணக்குப் போடாமல், இன்டர்செக்ஷன்அப்சர்வர் என்ற கருவியிடம் உறுப்புகளை ஒப்படைத்தால், அவை திரைக்குள் வரும்போது அது தெரிவிக்கும். வந்த உறுப்புக்கு 'தெரிந்தது' என்ற கிளாஸைச் சேர்த்துவிட்டு, அதைக் கவனிப்பதை நிறுத்தச் சொல்லிவிடலாம். மறைந்திருக்கும் தொடக்க நிலையைச் சிஎஸ்எஸ்ஸில் நிபந்தனையின்றி எழுதிவிடக் கூடாது. ஜாவாஸ்கிரிப்ட் ஏதோ காரணத்தால் இறங்காமற்போனால் கடையே காலியாகத் தெரியும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியதும் வேர் உறுப்பில் ஒரு கிளாஸைச் சேர்த்து, அந்தக் கிளாஸ் இருந்தால் மட்டும் மறைக்கும்படி எழுதுவது பாதுகாப்பு. 2023இல் வந்த குரோம் 115 முதல் இந்த விளைவைச் சிஎஸ்எஸ் கொண்டே செய்யும் வழியும் உண்டு. என் கருத்தில், முகூர்த்த மாதத்தில் பத்துப் புடவையை விரைவாகப் பார்த்துவிட்டுப் போக வருபவருக்கு, ஒவ்வொரு புடவையும் ஆடி அசைந்து வருவது இடையூறே. முதல் திரையில் இருக்கும் எதற்கும் இந்த விளைவை வைக்க வேண்டாம்.

அசைவு சிலருக்குத் தலைசுற்றலையும் குமட்டலையும் உண்டாக்கும். அத்தகையோர் கைப்பேசி அல்லது கணினி அமைப்பில் அசைவைக் குறைக்கும்படி தேர்ந்திருப்பார்கள். ப்ரிஃபெர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன் என்ற மீடியா விதியின் (கருவியின் நிலையைப் பொறுத்துச் செல்லுபடியாகும் விதியின்) மூலம் அதைச் சிஎஸ்எஸ் அறியலாம். அந்நிலையில் நகர்வுகளை நீக்கிவிட்டு நிற மாற்றத்தை மட்டும் விட்டுவைப்பது பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும். இணைய அணுகல்தன்மைக்கான உலகளாவிய நெறிமுறைகளும், தானாகத் தொடங்கி 5 வினாடிக்கு மேல் ஓடும் அசைவை நிறுத்தப் பயனருக்கு வழி இருக்க வேண்டும் என்றும், எதுவும் வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்றும் கூறுகின்றன.

தொடுதிரையில் ஹோவர் இல்லை. தட்டிய பிறகு அந்நிலை அட்டையிலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. எனவே ஹோவர் விதிகளை, உண்மையிலேயே ஹோவர் செய்யக்கூடிய கருவிகளுக்கு மட்டும் என்ற மீடியா விதிக்குள் எழுத வேண்டும். மயில்கழுத்துப் படத்திலும் ஒரு சிக்கல் வரும்: நிறத்தைப் பார்க்க விரலை நகர்த்தினால் உலாவி பக்கத்தை நகர்த்தத் தொடங்கி, பாயின்டர்மூவை நடுவிலேயே நிறுத்திவிடும். அந்தப் படத்துக்கு டச்-ஆக்ஷன் என்ற பண்பில் பான்-ஒய் என்று எழுதினால், மேல்கீழ் அசைவு பக்கத்துக்கும் இடவல அசைவு புடவைக்கும் என்று பங்கு பிரிந்துவிடும்.

கைப்பேசியையே சாய்த்தால் நிறம் மாறும்படி செய்வதும் இயலும். சாய்மானத்தை அறிவிக்கும் நிகழ்வு உலாவியில் இருக்கிறது. ஆனால் ஐஓஎஸ் 13 முதல் ஐபோனில் அதற்குப் பயனரின் அனுமதியை, அவர் எதையாவது தட்டிய பிறகே கேட்க முடியும். புடவை பார்க்க வந்தவரிடம் அனுமதிப் பெட்டியை நீட்டுவதைவிட, படத்தின்கீழ் ஒரு சாதாரண நழுவுபட்டையை வைப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். எச்டிஎம்எல்லின் இன்புட் உறுப்பில் ரேஞ்ச் என்று வகை குறித்தாலே அது கிடைத்துவிடும். விரலால் இழுக்கலாம், விசைப்பலகையின் அம்பு விசைகளாலும் நகர்த்தலாம், 'வெளிச்சத்தின் திசை' என்று பெயர்ச்சீட்டு இட்டால் திரைவாசிப்பானும் அதைப் படித்துச் சொல்லும். அதன் மதிப்பு மாறும்போது எழுத வேண்டியதும் அதே '--சாயல்' மாறியைத்தான்; ஒபாசிட்டிக்காக எழுதிய சிஎஸ்எஸ் வரியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.